டீனேஜ் பசங்களுக்கு பிபி பார்க்கறப்ப நான் பண்ணின தப்பு, நீங்களும் பண்ணாதீங்க

போன வாரம் ஓபில ஒரு ஹவுஸ் சர்ஜன் பொண்ணு பதினாலு வயசுப் பையனுக்கு பிபி பார்த்துட்டிருந்தா. வலது கைல மேல் நம்பர் 138. "படியேறி வந்திருக்கான் சார்"னு சொல்லிட்டு இடது கைல கட்டினா, 124 வந்துச்சு, அதையே எழுதிட்டா. எனக்கு சுருக்குன்னுச்சு. திரும்ப வலது கைலயே பாரும்மான்னேன், 126. இதுக்கா இவ்ளோ சத்தம்னு பார்த்தா. நல்லவேளை அவனுக்கு ஒண்ணும் இல்ல, ஆனா எனக்கு அப்படி அமையல.

அஞ்சு நிமிஷம் உட்கார வைக்கறது, பேச விடாம பார்க்கறது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடறேன்.

கஃப்

ஓபில இருக்கறது ஒரே கஃப் (கைல சுத்திக் கட்டற பட்டை), அதையே எல்லாருக்கும் கட்டுவோம். உள்ள இருக்கற ரப்பர் பை, மேல்கை சுத்தளவுல 80லேர்ந்து 100 சதவீதம் நீளமும் 40 சதவீதமாவது அகலமும் இருக்கணும். சின்னதா இருந்தா இல்லாத பிபியைக் காட்டும். வயசைப் பார்த்து எடுக்காதீங்க, கையைப் பாருங்க, ரொம்ப குண்டான ஒன்பதாங்கிளாஸ் பையனுக்கு சில சமயம் தொடை கஃப்தான் சரியா வரும்.

கை மாத்திப் பார்த்து, குறைஞ்சதை எழுதறது

நான் புதுசா ஓபி பார்த்தப்ப ஒரு 15 வயசுப் பையன், கபடி டீமுக்கு ஃபிட்னஸ் சர்ட்டிஃபிகேட் கேட்டு வந்தான். வலது கைல 154. வெளிய க்யூ நிக்குது, பையனுக்கு நெத்தியெல்லாம் வேர்வை, சரி டென்ஷன்னு முடிவு பண்ணிட்டேன். அதுக்குள்ள அவன் வலது கையால ஃபாரம் எழுத ஆரம்பிச்சிட்டான், சும்மா இருந்த இடது கைல கட்டினேன், 126. சந்தோஷமா 'ஃபிட்'னு கையெழுத்து போட்டுக் கொடுத்தேன்.

எட்டு மாசம் கழிச்சு தலைவலி, மூக்குல ரத்தம், ஓடினா கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குதுன்னு திரும்ப வந்தான். அன்னிக்கு பார்த்தது என் சீனியர். பிபி மெஷினைத் தொடவே இல்ல, ஒரு கையை அவன் மணிக்கட்டுலயும் இன்னொரு கையை தொடை இடுக்குலயும் வெச்சுட்டு கொஞ்ச நேரம் பேசாம நின்னார். அப்புறம் என்னை வெச்சுப் பார்க்கச் சொன்னார். மணிக்கட்டுல துடிப்பு குதிக்குது, தொடை இடுக்குல தேடித்தான் பிடிக்கணும், அதுவும் ஒரு துளி பிந்தி வருது. கோஆர்க்டேஷன், அதாவது பெருந்தமனிச் சுருக்கம். எக்கோல (இதய ஸ்கேன்) உறுதியாச்சு.

இதயத்துலேர்ந்து கிளம்பற பெருந்தமனி வளைஞ்சு கீழ இறங்கற இடத்துல சுருங்கிக் கிடக்கும். வலது கைக்குப் போற குழாய் அதுக்கு முன்னாடியே பிரிஞ்சிடும், அங்க அழுத்தம் ஏறும். இடது கைக்குப் போறது சில பேருக்கு அந்த சுருக்கத்தை ஒட்டியே கிளம்பும், அங்க குறைச்சுக் காட்டும். நார்மல்னு நான் எழுதின அந்த 126தான் நோயே.

இன்னிக்கும் எனக்கு எரிச்சல் வர்றது இதுலதான். ரெண்டு கைக்கும் வித்தியாசம் வந்தா ஏன்னு கேக்கணும், நாம என்னடான்னா பேரம் பேசி குறைஞ்சதை வாங்கிக்கறோம், ஏன்னா அது வேலையை முடிச்சிடுது. பிபி கூட வந்தா ரெண்டு கைலயும் பாருங்க, படுக்க வெச்சு ஒரு கால்லயும் பாருங்க. கால்ல சாதாரணமா 10லேர்ந்து 20 சதவீதம் கூடத்தான் இருக்கணும், கைய விட குறைஞ்சா எக்கோ எழுதுங்க. பொண்ணுங்கன்னா தக்கயாசுவையும் (பெருந்தமனியும் அதோட கிளைகளும் அழற்சியில சுருங்கற நோய்) மனசுல வெச்சுக்கோங்க, நம்ம நாட்டுல அது அப்படி ஒண்ணும் அபூர்வம் இல்ல.

எல்லாருக்கும் ஒரே நம்பர்

2017 அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் கைட்லைன்ல 13 வயசுலேர்ந்து பெரியவங்க கணக்குதான்: 120/80க்குக் கீழ நார்மல், 130/80 தொட்டா ஸ்டேஜ் ஒண்ணு, 140/90 ஸ்டேஜ் ரெண்டு. அதுக்குக் கீழ உள்ள வயசுன்னா உயரம் அளந்து, வயசு, உயரத்துக்கு ஏத்த பிபி சார்ட்டைத் திறங்க.

ஒரே நாள்ல 'பிபி பேஷண்ட்' ஆக்கறது

மூணு தனித்தனி விசிட்ல பார்த்துட்டு முடிவு பண்ணுங்க, மெஷின்ல அதிகமா வந்தா ஸ்டெத் வெச்சுப் பாருங்க. முடிஞ்சா 24 மணி நேர மானிட்டர் போடுங்க, டாக்டரோட வெள்ளை கோட்டைப் பார்த்தாலே பிபி எகிற பசங்க நிறைய.

மருந்து கேக்காதது

ஸ்டீராய்டு, மூக்கடைப்பு மாத்திரை, எனர்ஜி ட்ரிங்க், எல்லாம் பிபியை ஏத்தும். வாயைத் திறந்து கேளுங்க.

யூரின், கிரியாட்டினின் (கிட்னியைப் பார்க்கற டெஸ்ட்)

எழுதுங்க.

180/120 தாண்டினா

மூணு விசிட்டெல்லாம் கிடையாது. அன்னிக்கே எமர்ஜென்சிக்கு அனுப்புங்க.