வடசென்னை உப்புக் காற்றில் .32 ரிவால்வரைத் துருப் பிடிக்காமல் வைப்பது எப்படி?

எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை கடலை ஒட்டிய வீடுகளில் பெயின்ட் அடித்த ஜன்னல் கம்பியே செதில் செதிலாக உரியும். அதே காற்றுதான் பீரோவுக்குள்ளும் போகிறது. லைசென்ஸ் ரிவால்வர் வைத்திருப்பவர்கள் பலர் மாதம் ஒருமுறை எண்ணெய் தடவிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த எண்ணெய்க்கு அடியில்தான் துரு ஆரம்பிக்கிறது. எண்ணெய் உப்பைக் கரைக்காது, மூடி மட்டும் வைக்கும். முதலில் தண்ணீர், பிறகு எண்ணெய்.

கடல் உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீர்த்துக் கசியும். இங்கே பெரும்பாலான இரவுகளில் அந்த அளவு தாண்டுகிறது. விரல் வியர்வையிலும் உப்பு உண்டு. மணலி பக்கம் ஆலைப் புகையின் கந்தகமும் சேர்ந்தால் இரும்பு இன்னும் வேகமாகத் தேயும்.

சுட்ட துப்பாக்கிக்குள் இன்னொரு வகை உப்பு இருக்கலாம். .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் தோட்டா 1896-ல் கருமருந்தோடு வந்தது. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக் கசடாகத் தங்கும். பொட்டாசியம் உப்புகள் நிறைந்த அந்தக் கசடு ஈரத்தை உறிஞ்சி இழுக்கும். சிலிண்டருக்கும் (தோட்டா போடும் உருளை) பேரலுக்கும் (குழல்) நடுவே உள்ள முடி அளவு இடைவெளியில் அது படிந்தால் சிலிண்டர் சுற்றாமல் இறுகும். கொதிநீர் ஊற்றிக் கழுவும் பழைய வழக்கம் அந்தக் காலத்தது. இன்றைய புகையில்லா மருந்தின் கசடுக்கு, கசடைக் கரைக்கும் சால்வென்ட் திரவம் போதும். ஆனால் பழைய தோட்டாக்களின் ப்ரைமரில் (அடியில் அடிபட்டு மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பொட்டாசியம் குளோரேட் இருந்திருக்கலாம். அது வெடித்தபின் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, சமையல் உப்புக்கு உறவுக்காரன். எந்த வருடத்துத் தோட்டா என்று தெரியாவிட்டால் கழுவிவிடுங்கள், நஷ்டமில்லை. தோட்டாவைப் பிரிப்பது, மருந்து மாற்றுவது, காலி தோட்டாவை வீட்டில் நிரப்புவது ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். உரிமமில்லாத தயாரிப்பு 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவை மீறுவதாகும்.

வேலையை ஆரம்பிக்குமுன் ஆறு தோட்டாக்களையும் எடுத்து வேறு அறையில் வையுங்கள். சிலிண்டரில் தோட்டா உட்காரும் ஆறு அறைகளையும் கண்ணால் மட்டும் பார்க்காமல் விரல் நுனியை விட்டுத் தடவிப் பாருங்கள். கான்பூரில் தயாரான .32 ரிவால்வர் நடுவில் மடங்கும் வகை, பிரிட்டிஷ் வெப்லி ரிவால்வர் வழி வந்தது. தாழைத் தள்ளி பேரலைக் கீழே சாய்த்தால் பின்பக்கம் முழுதும் திறந்துவிடும், அதனால் பின்னாலிருந்தே துடைக்கும் குச்சியை விடலாம். மரக் கிரிப்பின் திருகைக் கழற்றி மரத்தைத் தனியே வையுங்கள். மரத்தில் தண்ணீர் படக்கூடாது. அதற்கு மேல் கழற்ற வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங், டிரிகர் வேலையெல்லாம் உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம்தான்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். கடலோரத்துப் போர்வெல் தண்ணீரே பல தெருக்களில் உவர்ப்பு. அதில் கழுவினால் உப்பை எடுத்து உப்பைப் பூசியதாகும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது, கேன் தண்ணீரும் பரவாயில்லை. ஒரு லிட்டர் கொதிக்க வைத்து, புனல் வைத்து பேரலுக்குள்ளும் ஆறு அறைகளுக்குள்ளும் ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றுவதில் லாபம் உண்டு: இரும்பு சூடேறித் தானே உலரும். வெதுவெதுப்பான தண்ணீர் மூலை முடுக்கில் தங்கிவிடும். கைக்குத் தடித்த துணி சுற்றிக்கொள்ளுங்கள். உலர்ந்ததும் டபிள்யூடி-40 போல ஈரத்தை வெளியேற்றும் ஸ்ப்ரேயைக் கீல், தாழ் இடுக்குகளில் அடித்துத் துடையுங்கள். அது ஈரத்தைத் தள்ளுவதற்கு மட்டும். அதையே நிரந்தரக் காப்பாக நம்பிப் பூட்டி வைத்தால் மழைக்காலம் தாங்காது.

அடுத்து சால்வென்ட் நனைத்த வெண்கல பிரஷ்ஷைப் பேரலில் பதினைந்து இருபது முறை முழு நீளத்துக்கும் விட்டு எடுங்கள். நடுவில் திருப்பினால் நார் மடங்கிப் போகும். குண்டின் ஈயம் அதிகம் ஒட்டுவது சிலிண்டரை அடுத்த பேரல் வாயில், அங்கே கூடுதலாகத் தேய்க்க வேண்டும். பழைய பருத்தி வேட்டியை மூன்று சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, துணி வெளுப்பாக வரும்வரை ஒவ்வொன்றாக விடுங்கள். காலி தோட்டாவைத் தள்ளும் நட்சத்திரத்தின் அடியைப் பல் பிரஷ்ஷால் உலர்வாகவே தட்டுங்கள். எரியாத மருந்துத் துகள் ஒன்று அங்கே சிக்கினாலும் நட்சத்திரம் முழுதாக உட்காராது, சிலிண்டர் பிடிக்கும். அந்த இடத்தில் எண்ணெய் விட்டால் துகள் இன்னும் ஒட்டும். சமையலறையில் இந்த வேலை வேண்டாம், ஈயத் தூசி பறக்கும். முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியம் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் நாளடைவில் கெட்டுப்போகும். மண்ணெண்ணெய் சுத்தம் செய்யும், காக்காது. தையல் மெஷின் எண்ணெய் கீலுக்குச் சரி, வெளிப்பரப்பில் சீக்கிரம் ஓடிவிடும். துப்பாக்கி எண்ணெய் வாங்கி, துணியில் தொட்டுத் தடவி, இன்னொரு துணியால் ஒற்றி, கண்ணுக்குத் தெரியாத படலமாக விட்டால் போதும். புளி, எலுமிச்சை தேய்த்துப் பளபளப்பாக்க நினைத்தால் நீலக் கறுப்புப் பூச்சு கழன்று வெள்ளை இரும்பு வெளியே வந்துவிடும். சுடுமுன் பேரலையும் அறைகளையும் உலரத் துடைக்க வேண்டும்.

தோட்டாக்களுக்கு எண்ணெயே ஆகாது. ஊர்ந்து ப்ரைமருக்குள் போனால் வெடிக்காமல் போகும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். அமோனியா கலந்த பித்தளைப் பாலிஷ் தொடக்கூடாது, அது பித்தளையில் விரிசல் விழ வைக்கும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரைலாயத்தில் வைத்த தோட்டாக்கள் விரிசல் விட்டதற்குக் குதிரை மூத்திர அமோனியாவே காரணம் என்று 1921-ல் விளக்கினார்கள்.

தோல் உறையில் போட்டுப் பூட்டி வைப்பதுதான் மிகப் பெரிய தவறு. தோல் ஈரத்தையும் பதனிட்ட உப்பையும் பிடித்து வைத்திருக்கும். தோல் பட்ட கோட்டிலேயே துரு வரும், தோட்டாவில் பச்சைக் களிம்பு ஏறும். காற்றுப் புகாத ஐந்து லிட்டர் டப்பாவில் 50 கிராம் நீல சிலிக்கா ஜெல் போட்டு, டப்பாவை பீரோவில் பூட்டுங்கள். தோட்டாவுக்குத் தனி டப்பா, தனிப் பூட்டு. ஜெல் ரோஸ் நிறமானால் 120 டிகிரி ஓவனில் ஓரிரு மணி நேரம் வைத்தால் மறுபடி நீலமாகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாரம் ஒருமுறை திறந்து பார்த்துத் துடையுங்கள்.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்வார்கள். அங்கே மாதக் கணக்கில் யாரும் துடைக்க மாட்டார்கள், அதனால் அப்போது மட்டும் எண்ணெய்க்குப் பதில் மெல்லிய கிரீஸ் பூசி, துரு தடுக்கும் வி.சி.ஐ. பேப்பரில் சுற்றிக் கொடுங்கள். அடையாளச் சீட்டை டிரிகர் வளையத்தில் நூலால் கட்டச் சொல்லுங்கள். இரும்பில் நேரடியாக டேப் ஒட்டினால் அதன் அடியில் ஈரம் தங்கும். ரசீதில் துப்பாக்கி எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் சரியா என்று அங்கேயே பாருங்கள். திரும்பி வந்த அன்றே கிரீஸை முழுக்க எடுங்கள். மேலோட்டமான சிவப்புத் துரு என்றால் எண்ணெய் விட்டு நான்கு பூஜ்ய (0000, மிக மெல்லிய) ஸ்டீல் உல்லால் மெதுவாகத் தேய்த்தால் போகும். பேரலுக்குள் குழி தெரிந்தால் தேய்க்காமல், மெக்கானிக் பார்க்கும்வரை சுடாமல் வையுங்கள்.