கோப்பின் ஒரு பிரதி திருகோணமலையில் இருக்கட்டும்

அமெரிக்காவில் உள்ள மகனைக் குடிவரவு அதிகாரிகள் தடுத்துவைத்தால், கைத்தொலைபேசி அவனிடம் இருக்காது. உவர்மலையிலோ உப்புவெளியிலோ இருக்கும் அம்மாவும் அக்காவும்தான் விடிய விடியத் தேடுவார்கள். குடிவரவுப் பத்திரங்கள் அடங்கிய கோப்போ அவனுடைய வாடகை அறைக்குள் பூட்டிக் கிடக்கும். அதன் பிரதியொன்றை ஊருக்கு அனுப்பாமல் இருப்பதைத்தான் முதல் தவறு என்பேன்.

அடுத்தது பெயர். தடுப்பில் உள்ளவர்களைத் தேட 'ஐஸ்' (ICE) எனப்படும் அமெரிக்கக் குடிவரவு அமலாக்கப் பிரிவு இணையத்தில் ஒரு தேடுதளம் வைத்திருக்கிறது. பெயரைக் கொடுத்துத் தேடினால் எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். நம்மவர்களுக்குச் சிக்கலே அங்குதான். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். பழைய பள்ளிச் சான்றிதழில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் இன்னொன்று. தகப்பனின் பெயர் அங்கே குடும்பப் பெயராகிவிடும். சிவகுமாரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே அமெரிக்கக் கடிதங்களில் உள்ளபடியே பெயரைக் குறித்துவையுங்கள். அதைவிட நம்பகமானது, அக்கடிதங்களில் 'ஏ' (A) என்ற ஆங்கில எழுத்தோடு வரும் பதிவு இலக்கம். அதில் 9 எண்களுக்குக் குறைவாக இருந்தால் முன்னால் பூச்சியம் சேர்த்துத் தேட வேண்டும். பிறந்த நாட்டையும் கேட்கும். 18 வயதுக்குக் குறைந்தவர்களை அங்கே தேடிப் பயனில்லை.

பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் எடுத்த பிறப்புச் சான்றிதழை அப்படியே அனுப்பினால் குடிவரவு நீதிமன்றத்துக்குப் போதாது. ஆங்கில மொழிபெயர்ப்பும், தமக்கு மொழித் தகுதி உண்டு, மொழிபெயர்ப்புச் சரியானது என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட சான்றும் வேண்டும். 05/08 நமக்கு ஓகஸ்ட் 5, அவர்களுக்கு மே 8. மாதத்தை எழுத்தால் எழுதச் சொல்லுங்கள்.

சட்டத்தரணி இருக்கிறார் என்ற நிம்மதியில் ஜி-28 படிவத்தை மறந்துவிடுகிறார்கள். அவர் மகனுக்காக அதிகாரிகளிடம் பேச அந்தப் படிவம் வேண்டும். மகன் முன்கூட்டியே கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தால் அலைச்சல் குறையும். சட்டத்தரணியின் தொலைபேசி இலக்கத்தை அவன் மனப்பாடமாக்கட்டும்.

பதற்றத்தில் இலங்கைத் தூதரகத்தை அழைப்பவர்களும் உண்டு. 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைப்படி, தூதரகத்துக்கு அறிவிக்குமாறு கேட்பது தடுக்கப்பட்டவரின் உரிமை. புகலிடம் கோரியவர் அதை விரும்பாமல் இருக்கலாம். சட்டத்தரணியைக் கேட்காமல் அழைக்காதீர்கள். புகலிட வாக்குமூலத்தை உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம். சித்தப்பாவுக்குத் தெரிந்தால் கோணேசர் கோயிலடி வரை தெரிந்துவிடும்.