“சூறாவளிக்கு முந்தி” என்றால் எந்த ஆண்டு? மட்டக்களப்பு, அம்பாறையில் வாய்மொழி வரலாறு திரட்டுவோருக்கு

ஆய்வேட்டுக்காக இலங்கையின் கிழக்கே படுவான்கரைக்கோ (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை) அம்பாறையின் அக்கரைப்பற்றுக்கோ போகிற மாணவர்கள் பலர் திரும்பி வரும்போது நிறையக் கதையும் மிகக் குறைந்த காலக்குறிப்பும் கொண்டுவருகிறார்கள். “முந்தி”, “அந்தக் காலத்துல”, “பிரச்சினை நேரம்” என்றே நேர்காணல் முழுவதும் ஓடியிருக்கும். ஆண்டு தெரியாத வாய்மொழியை வேறு எந்த ஆவணத்தோடும் ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியாதது ஆய்வேட்டில் வெறும் மேற்கோளாகவே கிடக்கும். ஆகவே காலத்தைப் பிடிக்கும் வேலையை முதலில் சொல்கிறோம்.

ஊருக்குப் போகுமுன் ஒரு தாளில் காலக்கோடு ஒன்று வரையுங்கள். இரண்டு மாவட்டத்துக்கும் பொதுவான நிகழ்வுகளை அதில் குறியுங்கள்: 1957 டிசம்பர் வெள்ளம், 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளி, 1990 ஜூனில் மீண்டும் மூண்ட போர், 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 ஜனவரி வெள்ளம். அம்பாறைப் பக்கம் என்றால் 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டத்தையும் சேர்க்க வேண்டும். மண்முனைத்துறையை அண்டிய ஊர்களுக்கு 2014இல் பாலம் திறந்தது நல்ல குறி. “பாதையில (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏறிப் போன காலம்” என்றால் அதற்கு முந்தியது. இவற்றுக்கிடையே ஊருக்கே உரிய குறிகளுக்கு இடம் விடுங்கள்: பள்ளிக்கூடம் கட்டியது, மின்சாரம் வந்தது, குளக்கட்டு உடைந்தது. அவற்றை ஊரவர்களே நிரப்புவார்கள்.

நேர்காணலில் “எந்த வருசம்?” என்று கேட்காதீர்கள். கேட்டால் மரியாதைக்காக ஏதாவது ஓர் எண்ணைச் சொல்வார்கள். அந்த எண் பிறகு உங்கள் அட்டவணையில் உண்மைபோல உட்கார்ந்துவிடும். பிள்ளைகளை வைத்துக் கேளுங்கள். “அப்ப மூத்தவர் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிட்டாரா, பெத்தா (பாட்டி)?” என்றால் பதில் தெளிவாக வரும். “சூறாவளி அடிக்கக்குள்ள மூத்தவள் வயித்துல” என்று சொன்னால் அந்தப் பிள்ளை 1978 நவம்பர் கடைசிக்கும் 1979 ஓகஸ்ட்டுக்கும் இடையில் பிறந்தது. பிறப்புச் சான்றிதழ் வீட்டில் இருந்தால் சரிபார்க்கலாம். பழைய அடையாள அட்டை எண்ணில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதில் 500 கூட்டப்பட்டிருக்கும். ஆனால் வயதானவர்களில் சிலருக்கு அந்தத் திகதியே உத்தேசமாகப் பதியப்பட்டது. அதை மட்டும் நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

பருவமும் பெருநாளும் இன்னும் நுட்பமான குறிகள். பெரும்போக விதைப்பா அறுவடையா, கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்குக்கு முந்தியா பிந்தியா என்று கேட்டால் மாதம் வரை நெருங்கலாம். முஸ்லிம் ஊர்களில் நோன்பையும் பெருநாளையும் வைத்துச் சொல்வார்கள். ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறைவானதால் நோன்பு மாதம் ஏறத்தாழ 33 ஆண்டில் ஒரு சுற்று வரும். “நோன்போட அறுவடை” என்ற ஒரு சொல்லே ஆண்டைச் சில ஆண்டுகளுக்குள் அடக்கிவிடும். சூறாவளி ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து இரண்டு வாரத்துக்குள் அடித்தது. ஒரு மூத்தம்மா அப்படியே சொன்னால், அவருடைய மற்ற காலக்கணக்குகளையும் சற்று நம்பிக்கையோடு எடுக்கலாம்.

வழமையாகச் சறுக்கும் இடம் “பெரிய வெள்ளம்”. எண்பது வயதுக்காரருக்கு அது 1957ஆக இருக்கலாம், 2011ஆகவும் இருக்கலாம். “சூறாவளிக்கு முந்தினதா?” என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும். “கலவரம்”, “இடம்பெயர்ந்தது” என்பனவும் அப்படித்தான். ஒரே குடும்பம் மூன்று நான்கு தடவை இடம்பெயர்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் எங்கே போனார்கள், எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள் என்று தனித்தனியே எழுதாவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

போகும் நேரம், போகும் வழி

நவம்பர் முதல் ஜனவரி வரை படுவான்கரையின் உள்வீதிகள் வெள்ளத்தில் நிற்கும். விதைப்பு, அறுவடை நாட்களில் ஆட்கள் வாடியிலேயே (வயல் குடிலில்) இருப்பார்கள், பேச நேரமிராது. அறுவடை முடிந்த மார்ச் கடைசியும் ஏப்ரலும் நல்ல காலம். காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை போன்ற ஊர்களில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தையும் நோன்பு மாதத்தையும் தவிருங்கள்.

முதலில் கிராம உத்தியோகத்தரிடம் பல்கலைக்கழகக் கடிதத்தைக் காட்டுங்கள். பாடசாலைக்குள் போவதானால் வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். கோயில் பற்றியதென்றால் வண்ணக்கரிடமும் (கோயில் நிருவாகப் பொறுப்பாளர்) பள்ளிவாசல் பற்றியதென்றால் நிருவாகத்தினரிடமும் போகாமல் ஒரு வீட்டுப் படியும் ஏறக்கூடாது. முதல் நாள் ஒலிப்பதிவு வேண்டாம். இருந்து கதைத்து, எதற்காக வந்தீர்கள், சொல்வதை எங்கே வைப்பீர்கள், விரும்பாததை எப்படி நீக்கலாம் என்பதைச் சொல்லிவிட்டு வாருங்கள். இரண்டாம் நாள் அதே சம்மதத்தை ஒலிப்பதிவின் தொடக்கத்திலும் கேட்டுப் பதியுங்கள். கையெழுத்து மட்டும் போதாது. எழுத வாசிக்கத் தெரியாதவருக்குத் தாள் எதையும் சொல்லாது.

மகனோ மருமகனோ பக்கத்திலிருந்தால் பதிலை அவரே சொல்லிவிடுவார். அவருக்கென்று தனியாக ஒரு நேர்காணல் வைத்துக்கொள்வதுதான் மனம் நோகாத வழி.

ஒலிப்பதிவு

கைத்தொலைபேசி போதும், ஆனால் சட்டையில் குத்தும் ஒலிவாங்கி ஒன்று வாங்குங்கள். நாடியிலிருந்து ஒரு சாண் கீழே குத்த வேண்டும். தொலைபேசியை அழைப்பு வராதபடி விமானநிலையில் (flight mode) வையுங்கள். மேசை விசிறியை நிறுத்த முடியாவிட்டால் ஆளுக்குப் பின்பக்கம் திருப்பிவிடுங்கள், ஒலிவாங்கிமேல் காற்று நேரே படுவதுதான் பதிவைக் கெடுக்கும். கடலோர ஊர்களில் திண்ணையைவிட உள்வீடு நல்லது. 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடத்தில் ‘வேவ்’ கோப்பாகப் பதிந்தால் மணித்தியாலத்துக்கு 320 மெகாபைட் அளவில் வரும். தொடங்கி அரை நிமிடம் பதிந்து, நிறுத்தி, கேட்டுப் பாருங்கள்.

அன்றிரவே கோப்புக்குத் திகதி, ஊர், ஆளின் குறியீட்டெண், வரிசை எண் என்ற ஒழுங்கில் பெயரிட்டு மூன்று பிரதி எடுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

சொல்லைத் திருத்தாதீர்கள்

எழுத்தாக்கும்போதுதான் அதிக சேதம் நடக்கிறது. “மறுகா” என்று சொன்னதைப் “பின்னர்” என்று மாற்றுகிறார்கள். “வரக்குள்ள” என்பது “வரும்போது” ஆகிறது. “என்னகா” என்பதில் உள்ள ‘கா’ காணாமல் போகிறது. மேற்பார்வையாளர் படிக்கச் சுலபம் என்று நினைத்துச் செய்வதுதான், ஆனால் மட்டக்களப்புத் தமிழின் ஒரு சான்று அங்கேயே அழிகிறது. கேட்டபடி எழுதுங்கள், விளக்கத்தை அடிக்குறிப்பில் வையுங்கள். ஒரு மணித்தியால ஒலிக்கு ஐந்தாறு மணித்தியாலம் ஒதுக்க வேண்டும்.

வேளாண்மைச் சொற்களில் இன்னும் கவனம் வேண்டும். போடியார் (காணிக்காரர்), முல்லைக்காரன் (வயல் வேலையை நடத்துபவர்), வட்டவிதானை (தண்ணீர் பங்கிடுபவர்) மூவரும் வேறுவேறு பொறுப்பு உள்ளவர்கள். மூவரையும் “விவசாயி” என்று எழுதினால் யாருடைய காணி, யாருடைய உழைப்பு, யார் தண்ணீர் பங்கிட்டார் என்ற கேள்விகள் எல்லாம் மூடிவிடும். வட்டைப் (வயல்வெளி) பெயர்கள் பல வரைபடத்தில் இல்லை. வயதானவரோடு நடந்து போய், சொன்ன இடத்தில் நின்று பெயரைப் பதியுங்கள்.

குடியை (தாய்வழிக் குலம்) சாதி என்று எழுதுவது பெரும் பிழை. குடி தாய்வழியாக வருவது, ஒரே சாதிக்குள் பல குடிகள் இருக்கும், ஒரே குடிக்குள் கல்யாணம் கட்டுவதில்லை. தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் இந்த முறை உண்டு. “உங்கட தாய்ட குடி என்ன?” என்று கேட்பதே சரியான கேள்வி. ஆனால் சிறிய ஊரில் குடியும் தொழிலும் சேர்ந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். புனைபெயர் வைத்துவிட்டு, குடிப்பெயரையும் கோயில் பொறுப்பையும் அதே வரியில் எழுதினால் அந்தப் புனைபெயரால் பயனில்லை.

ஆவணத்தோடு ஒப்பிடுதல்

பாடசாலைச் சேர்வு இடாப்பும் சம்பவத் திரட்டுப் புத்தகமும் இடம்பெயர்வுக் காலங்களைச் சரிபார்க்க உதவும். சீதன உறுதிகள் எந்தக் காணி எந்த மகளுக்குப் போனது என்பதைக் காட்டும். பழைய இதழ்களை நூலகம் மின்னூலகத்தில் தேடுங்கள். இரண்டு பொறிகளை மறக்க வேண்டாம். அம்பாறை 1961இல்தான் தனி மாவட்டமானது, அதற்கு முந்திய கல்முனை, பொத்துவில் ஆவணங்களை மட்டக்களப்பின் கீழ் தேட வேண்டும். 2001 குடிசனமதிப்பு அம்பாறையில் முழுமையாக நடந்தது, மட்டக்களப்பில் நடக்கவில்லை. அந்த ஆண்டை வைத்து இரண்டு மாவட்டத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அட்டவணை போடாதீர்கள். 1981, 2012 எண்களை எடுங்கள்.

ஆவணமும் வாய்மொழியும் முரண்பட்டால் ஒன்றை அழிக்காமல் இரண்டையும் எழுதுங்கள். ஏன் முரண்படுகிறது என்று தேடுங்கள், ஆய்வின் நல்ல பகுதி பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

காணாமற்போனவர் பற்றியோ சுனாமியில் போன பிள்ளை பற்றியோ பேச்சு வந்தால் நீங்களாகத் தோண்டாதீர்கள். அழத் தொடங்கினால் பதிவை நிறுத்திவிட்டு இருங்கள், உடனே எழும்பிப் போக வேண்டாம். தொடர்வதா என்று அவர் சொல்லட்டும். மறுநாள் ஒருதரம் போய்ப் பாருங்கள்.

எழுத்தாக்கம் முடிந்ததும் பிரதியொன்றைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். பெயர், ஊர், ஆண்டு பிழைகளை அவர்களே திருத்துவார்கள். நீக்கச் சொன்னதை அவர்கள் முன்னாலேயே வெட்டுங்கள். ஒலிப்பதிவின் பிரதியைப் பேரப்பிள்ளை ஒருவரின் தொலைபேசியில் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.