சாராய தாதாவின் ஊமைப்படம்: பார்க்க உட்காருமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘தி ராக்கெட்’ (The Racket) என்று தேடினால் இரண்டு படங்கள் வரும். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. நடிகர் ராபர்ட் மிட்சம் இருந்தால் அது 1951-இல் வந்த பேசும் படம். நமக்கு வேண்டியது 1928-இல் லூயிஸ் மைல்ஸ்டோன் இயக்கிய ஊமைப்படம். இரண்டுக்கும் பின்னால் இருந்தவர் கோடீஸ்வரத் தயாரிப்பாளர் ஹோவர்ட் ஹியூஸ் என்பதால் குழப்பம் சகஜம்.

அடுத்தது, செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பது. பேசும் படம் என்றால் காது பார்த்துக்கொள்ளும். இங்கே ஒரு சவ அடக்கக் காட்சி வருகிறது. பகையாளிக் கும்பல்கள் இரண்டும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. எல்லோரும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருக்கிறார்கள். செத்தவனுக்குக் காட்டும் மரியாதை என்றுதான் முதலில் தோன்றும். தொப்பிக்கு அடியில் இருப்பது துப்பாக்கி. குனிந்து ஒரு மெசேஜ் பார்த்தீர்கள் என்றால் போச்சு.

மூன்றாவது தவறு நம் ஊர்ப் பழக்கத்தால் வருவது. மதுவிலக்கு என்றதும் குடித்தவனைப் பிடித்து உள்ளே போடுவதாக நினைத்துக்கொள்கிறோம். அமெரிக்காவில் 1920 ஜனவரி முதல் 1933 டிசம்பர் வரை நாடு முழுவதும் இருந்த சட்டம் தடுத்தது காய்ச்சுவதை, விற்பதை, கொண்டுபோவதை. குடிப்பது குற்றமில்லை. டாக்டர் சீட்டு எழுதினால் மருந்துக்கடையிலேயே விஸ்கி வாங்கலாம்! அதனால் சரக்கு விற்பவனுக்குப் பெரிய மனிதர்களே வாடிக்கையாளர்கள்; அவர்கள் தயவும் அவனுக்கு உண்டு. சாராய தாதா நிக் ஸ்கார்ஸியின் ஆட்களை போலீஸ் கேப்டன் மெக்விக் பிடித்து அடைக்க, ஆட்கொணர்வு உத்தரவோடு வக்கீல் வந்து நிற்பது ஏன் என்பது இது தெரிந்தால்தான் உறைக்கும்.

துப்பாக்கிச் சண்டைக்காகக் காத்திருந்து தம்பி கதையைக் கோட்டை விடுபவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் படமே அதுதான். ஊரையே மிரட்டும் ஸ்கார்ஸிக்குத் தம்பி ஜோ என்றால் உயிர். பெண் வாடையே ஆகாத அண்ணன். கிளப்பில் பாடும் பெண்ணின் பின்னால் சுற்றும் தம்பி. ஸ்கார்ஸியாக நடித்த லூயிஸ் வோல்ஹைமின் உடைந்த மூக்கைப் பார்த்து ‘முரடன்’ என்று முடிவுகட்டாமல், தம்பி எதிரே வரும்போது அந்த முகம் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

அப்புறம், பிரதி. தொலைந்தே போனதாகப் பல ஆண்டுகள் நினைத்திருந்த படம் இது. ஹியூஸ் இறந்த பிறகு அவருடைய சேகரிப்பில் கிடைத்த பிரதியைத்தான் சீரமைத்திருக்கிறார்கள். அங்கங்கே கீறல் தெரிகிறதே என்று பத்தாவது நிமிடத்தில் எழுந்துவிடாதீர்கள். தொப்பிக் காட்சி இன்னும் வரவில்லை.