மாடித் தொட்டியில் கருந்துளசி

கிருஷ்ண துளசி என்றும் அழைக்கப்படும் கருந்துளசி, பச்சைத் துளசியின் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். தண்டிலும் இலையிலும் ஏறியிருக்கும் ஊதா நிறமும் சற்றே கூடுதலான காரமுமே அதை வேறுபடுத்திக் காட்டுகின்றன. கிராம்பை நினைவூட்டும் அதன் மணத்துக்கு யூஜெனால் என்னும் எண்ணெய்ப்பொருள் முக்கியக் காரணம். நல்ல வெயிலில் இலை கருஞ்சிவப்பாகும். நிழலில் வைத்தால் சில வாரங்களிலேயே வெளிறிப் பச்சையாகிவிடும். ஆகவே நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேரடி வெயில் படும் இடமே இதற்கு ஏற்றது.

சென்னையில் விதைப்பதற்குத் தை, மாசி மாதங்கள் உகந்தவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். கோடை தொடங்குமுன் செடி வேர்பிடித்துவிடும். விதை கடுகைவிடச் சிறியது என்பதால் மண்ணில் புதைக்காமல், மேலே தூவி, சலித்த மண்ணை மெல்லியதாகப் போர்த்தி, கைத்தெளிப்பானால் நீர் தெளித்தால் போதும். ஒன்றிரண்டு வாரங்களில் முளைக்கும். அருகில் பச்சைத் துளசி இருந்தால் தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடுவதால், கருஞ்செடியில் எடுத்த விதையிலிருந்தும் பச்சை நாற்றுகள் வரக்கூடும். நிறம் மாறாமல் வேண்டுவோர், நான்கைந்து அங்குல நீளமுள்ள, பூக்காத இளங்கிளையை வெட்டி, அடியிலைகளை நீக்கி, ஈரமான தென்னை நார்க்கழிவில் ஊன்றி நிழலில் வைப்பதே நல்லது.

தொட்டி பன்னிரண்டு அங்குல அகலமாவது இருக்கட்டும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலக்கலாம். உரத்தை அள்ளிக் கொட்ட வேண்டாம். இலை பெருத்தாலும் மணம் குறைந்துவிடும். கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் மண்ணின் மேல் வெள்ளைப் படலம் படியும், இலை ஓரம் கருகும். அங்கெல்லாம் பிடித்துவைத்த மழைநீரை ஊற்றுவதே சிறந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியம் கதிர் கிள்ளுதல். துளசி விதை வைத்ததும் தன் வேலை முடிந்ததுபோல் இலைகளை உதிர்த்து, தண்டு மரமாகி, மெலிந்துவிடும். ஆகையால் செடி அரையடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். கிள்ளிய இடத்துக்குக் கீழுள்ள ஜோடி இலைகளின் இடுக்குகளிலிருந்து இரண்டு கிளைகள் எழும். பின்னர் கதிர் தலைகாட்டும்போதெல்லாம், பூ விரியும் முன்பே, அதற்குக் கீழுள்ள ஒரு ஜோடி இலையோடு சேர்த்துக் கிள்ளுங்கள். முற்றிய கதிரைத் தொட்டால் விரலில் சரசரவென்று காய்ந்த ஓசை கேட்கும். அதுவரை விட்டால் தாமதமாகிவிட்டது என்று பொருள். விதைக்காக ஒரு செடியை மட்டும் தனியே விட்டுவைக்கலாம்.

மாவுப்பூச்சி தென்பட்டால், ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்ப எண்ணெயையும் சில துளி சோப்புக் கரைசலையும் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம். தெளித்த சில நாட்களுக்கு இலை பறிக்க வேண்டாம்.

அக்னி நட்சத்திர நாட்களில் காலையும் மாலையும் நீர் தேவைப்படும். ஆனால் துளசியைக் கொல்வது வெயிலைவிட ஐப்பசி, கார்த்திகை மழைதான். தரையில் கறை படியாமலிருக்கத் தொட்டிகளுக்கு அடியில் தட்டு வைத்திருந்த ஓராண்டில், ஒரு வார மழையில் என்னுடைய நான்கு செடிகளும் வேரழுகிப் போயின. அதன் பிறகு மழை தொடங்குமுன் தட்டுகளை எடுத்துவிட்டு, தொட்டிகளை இரண்டு செங்கற்களின் மேல் ஏற்றிவைக்கிறேன். வடிகால் துளையில் குச்சியை விட்டு அடைப்பும் பார்த்துக்கொள்கிறேன்.