கூட்டு நிகழ்தகவு: முதலில் தொகுதியைப் பாருங்கள்

கோடை சூடாகுமா என்பது ஒரு கேள்வி. சூடாகவும் வறண்டும் போகுமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குத்தான் கூட்டு நிகழ்தகவு, அதாவது இரண்டும் சேர்ந்து நடக்கும் வாய்ப்பு, வேண்டும். பிரிட்டன் 2009இல் வெளியிட்ட யுகேசிபி09 என்ற காலநிலைக் கணிப்புகளை வைத்துச் செய்துபார்ப்போம். 2018இல் இவற்றுக்குப் பதிலாகப் புதிய கணிப்புகள் வந்துவிட்டன. (தமிழில் 'மாதிரி' இரண்டு பொருள் தந்து குழப்பும். அதனால், கணிப்பு தரும் சாத்தியமான எதிர்காலம் ஒவ்வொன்றையும் சாம்பிள் என்றே சொல்கிறேன்.)

படி 1. கேள்வியை எண்ணோடு எழுதுங்கள். 1961–1990 சராசரியைவிட வெப்பநிலை 3 டிகிரிக்கு மேல் கூடி, மழை 20 சதவீதத்துக்கு மேல் குறைய என்ன வாய்ப்பு?

படி 2. இரண்டு மாறிகளும் ஒரே தொகுதியில் உள்ளனவா என்று பாருங்கள். பலரும் சறுக்கும் இடம் இது. வெப்பநிலை, மழை போன்ற எல்லா மாறிகளையும் ஒன்றாகக் கையாண்டால் கணக்கு கனத்துவிடும். அதனால் அவற்றைத் தொகுதிகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு வரிசை ஒரு சாம்பிள். ஒரே தொகுதிக்குள், உதாரணமாக, 57ஆம் வரிசையில் இருக்கும் வெப்பநிலையும் மழையும் ஒரே எதிர்காலத்தைச் சேர்ந்தவை. வேறொரு தொகுதியின் 57ஆம் வரிசைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. எண் ஒன்றாக இருப்பது தற்செயல். இரண்டையும் ஒட்டினால் வரைபடம் அழகாக வரும், விடை பொய்யாக இருக்கும்.

படி 3. ஒரே இடம், ஒரே காலகட்டம், ஒரே உமிழ்வுப் பாதைக்கான (பசுங்குடில் வாயுக்கள் எவ்வளவு வெளியேறும் என்ற அனுமானம்) 10,000 சாம்பிள்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4. எண்ணுங்கள். கற்பனையாக வைத்துக்கொள்வோம்: 4,000 சாம்பிள்களில் வெப்ப நிபந்தனை நிறைவேறுகிறது, 3,000இல் மழை நிபந்தனை, 2,200இல் இரண்டும். கூட்டு நிகழ்தகவு 22 சதவீதம். தனித்தனி வாய்ப்புகளைப் பெருக்கியிருந்தால் 12 சதவீதம்தான் வந்திருக்கும். மண் காய்ந்தால் ஆவியாக ஈரம் இருக்காது, வெயிலின் ஆற்றல் காற்றைச் சூடாக்கப் போய்விடும். ஒன்றையொன்று இழுக்கும் இரண்டைத் தொடர்பில்லாதவை போலப் பெருக்கக் கூடாது.

மாறிகள் வெவ்வேறு தொகுதியில் இருந்தால்? தனித்தனி நிகழ்தகவுகளை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். இல்லையேல், அதே தொகுதியில் உங்கள் தேவைக்கு நெருங்கிய வேறு மாறி இருக்கிறதா என்று தேடுங்கள்.

கணிப்புகள் 25 கிலோமீட்டர் கட்டங்களாகத் தரப்பட்டுள்ளன. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களை நீங்களே சேர்த்துச் சராசரி எடுக்கவும் வேண்டாம். பெரிய பகுதி தேவையென்றால் அதற்கென்றே தயாரித்த தரவு இருக்கிறது. கிடைக்கும் விடையும் 30 ஆண்டுச் சராசரிக்கானது. ஏதோ ஒரு கோடைக்கானது அல்ல.