பழைய ஆரம்பப் பாடசாலையின் சுண்ணாம்புச் சுவரைச் செப்பனிடும் முறை

திருகோணமலை போன்ற கடலோர ஊரில் பழைய பாடசாலைக் கட்டடத்தின் சுவர் அடியிலிருந்தே பழுதாகத் தொடங்குகிறது. முதலாம் வகுப்புப் பிள்ளையின் தோள் உயரம்வரை மாப்போல உப்புப் பூத்து, சாய்ந்திருப்பவரின் வெள்ளைச் சட்டையில் ஒட்டும். விரலை மடக்கித் தட்டினால் பூச்சுக்குள் வெற்றோசை கேட்கும்.

உடனே சீமெந்து பூசுவது பெரும் பிழை. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய சுவர், நிலத்திலிருந்து உறிஞ்சிய ஈரத்தைத் தன் மேற்பரப்பின் வழியாகவே வெளிவிடும்; சீமெந்து அவ்வழியை அடைத்துவிடுவதால் ஈரம் மேலும் உயர ஏறி, உப்பு உள்ளே படிந்து, செங்கல்லையே பொடியாக்கிவிடுகிறது. நான் அறிந்த ஒரு வகுப்பறையில் மூன்றாம் மாரிக்குள் சீமெந்துப் பூச்சு பாளமாகக் கழன்று, பிள்ளைகளின் வாங்கின்மேல் விழுந்தது. அன்று விடுமுறை நாள் என்பதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

கட்டடம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருந்தால், 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அல்லாதவற்றுக்கும் அதிபர் ஊடாக வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதிய பின்னரே தொடங்குங்கள்.

பூச்சைத் தொடுமுன் தண்ணீர் வரும் வழியை நிறுத்துங்கள். கூரைநீர் வடியும் பீலியில் வேப்பிலை அடைத்திருக்கிறதா, ஓடு விலகியிருக்கிறதா, முற்றத்தில் ஆண்டுக்கணக்காகக் கொட்டிய மண் அத்திவாரத்துக்கு மேலேறிச் சுவரைத் தொடுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அந்த மண்தான். அதை வெட்டி அகற்றினாலே சுவர் பாதி தேறிவிடும்.

வேலைக்கு ஏற்ற காலம், வாடைமழை ஓய்ந்து சுவர் உலர்ந்த பின், கச்சான் எனும் தென்மேற்குக் காற்று எழுவதற்கு முன் வரும் சித்திரை விடுமுறையாகும்; கச்சான் காற்றில் சாந்து இறுகுமுன்பே காய்ந்து வெடித்துவிடும். பழைய சீமெந்தைச் சிற்றுளியால் பொறுமையாகக் கொத்தி எடுங்கள். உப்பைக் கழுவாமல் உலர்ந்த தூரிகையால் தட்டி, சாக்கில் அள்ளி அகற்றுங்கள். கழுவினால் அது மறுபடி சுவருக்குள்ளேயே போகும். குழியில் நீர்விட்டு நன்கு நீற்றிய சுண்ணாம்பு 1 பங்குக்கு ஆற்றுமணல் 3 பங்கு சேர்த்துக் குழையுங்கள்; கடல்மணல் கூடவே கூடாது. சுவரை நனைத்து, மெல்லிய படைகளாகப் பூசி, ஒவ்வொன்றையும் ஈரச்சாக்கால் மூடி மெதுவாக இறுகவிடுங்கள். நீற்றும் குழியைச் சுற்றி வேலி அவசியம், ஏனெனில் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையையே பறிக்கும்.

முடிவில் பிளாஸ்டிக் கலந்த பெயின்றைத் தவிர்த்து, நீர்த்த சுண்ணாம்பால் பலமுறை வெள்ளையடியுங்கள். ஆண்டுதோறும் புரட்டாதி முடிவதற்குள் பீலிகளைத் துப்புரவாக்கிவிடுங்கள்.